இல்டா யாருடைய கையைப் பார்க்கிறாள்?

மணலூர்பேட்டை
6-11-1967

செவ்வந்தி எழுதுவது.

நலம் கேட்டு எழுதவில்லை. பொன்னுரங்கம் அவர்களின் வண்டிக்காரர் சந்தையில் அம்மாவைப் பார்த்தாராம். நீங்கள் சங்கராபுரத்து வீட்டைப் பூட்டிவிட்டு, கல்வராயன் மலைமேல் தன் முதலாளியின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குக் காவல் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். இல்டாவையும் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இல்டா என் நாய். நெய்வேலியில் நீங்கள் கார் ஓட்டிய ஜெர்மன் இஞ்சினியர் ஊர் திரும்பும்போது குட்டியாக உங்கள் கையில்தான் கொடுத்தார். அதை மறுக்கவில்லை. ஆனால் வாரம் முழுக்க நீங்கள் நெய்வேலியில் இருந்தபோது, சுட்ட பறவையை எடுத்துவர அவளைப் பழக்கியவர்கள் நானும் என் தம்பி சின்னராசுவும். அறுத்த கழனியில் அவளை நடுவே உட்காரவைத்து, எதிரே நின்றுகொண்டு, வாத்து இறகு கட்டிய கோணிச் சுருளை அவளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று என்று போட்டுவைப்போம். வலக்கையை நீட்டினால் அந்தப் பக்கம் ஓட வேண்டும். இடக்கையை நீட்டினால் இந்தப் பக்கம். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் திரும்பி நேரே பின்னால் போக வேண்டும். விசில் கேட்டால் எங்கே இருந்தாலும் உட்கார்ந்து நம் கையைப் பார்க்க வேண்டும். வெயிலில் கறுத்துப்போய் நாங்கள் சொல்லிக்கொடுத்தது இது.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகை மாதத்தில் நீங்களும் தம்பியும் இல்டாவும் பெரிய ஏரிக்கு வாத்து சுடப் போனீர்கள். நீங்களும் இல்டாவும் மட்டும் திரும்பி வந்தீர்கள். “கோச்சிக்கினு போய்ட்டான்” என்றீர்கள். போலீஸார் ஏரியில் வலை போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவனிடமிருந்தும் இன்றுவரை ஒரு வரி இல்லை.

அன்றைக்கு உங்களோடு இருந்தவள் இல்டா ஒருத்திதான். அவளையும் யார் கண்ணிலும் படாத இடத்துக்கு ஏன் கொண்டுபோனீர்கள்? வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

செவ்வந்தி


மலைத்தோட்டம்
19-11-1967

செவ்வந்திக்கு வீரமுத்து எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கச்சிராயபாளையத்துக் கடையில் கிடந்தது. சந்தைக்கு இறங்கும்போதுதான் எனக்குத் தபால் கிடைக்கும். அதனால் பதில் தாமதமானால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்துவிடாதே.

ஏன் மலைக்கு வந்தேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். என் கழனியில் களையெடுக்க ஆள் வருவதில்லை. டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடுகிறது. மச்சானைக் கொன்று ஏரியில் அமுக்கியவன் என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். கட்டியவளே அப்படி நினைத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு தாய்வீடு போனபிறகு ஊரை நான் என்ன சொல்ல?

இல்டாவை அனுப்ப மாட்டேன். என்னைப் பார்த்து எதையும் கேட்காத ஜீவன் இப்போது அவள் ஒருத்திதான்.

ஆனால் ஒரு விஷயத்தில் உன்னைக் கேட்கவேண்டியிருக்கிறது. பழக்கியவள் நீ என்கிறாயே, சொல். தோட்டத்துக்கு எதிர்ச்சரிவில் கவுதாரியும் காட்டுக்கோழியும் நிறைய. பறவை விழுவதைக் கண்ணால் பார்க்கிறேன். இல்டாவை அனுப்புகிறேன். ஓடைக்கு அப்பால் புதருக்குள் போகிறாள். வெகுநேரம் கழித்து வெறும் வாயோடு வருகிறாள். எப்போதும் இல்லை, அவ்வப்போது நடக்கிறது. திருட்டுத்தனமாகத் தின்னப் பழகிவிட்டாளோ?

வீரமுத்து


மணலூர்பேட்டை
27-11-1967

இல்டா தின்ன மாட்டாள். கோழிமுட்டையை வாயில் கொடுத்துக் கழனியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவைத்திருக்கிறோம். முட்டையில் பல் பட்டதில்லை. அவள் மேல் பழி போடாதீர்கள்.

நான் நாயைக் கேட்டேன். நீங்கள் கதை சொல்கிறீர்கள். பேச்சை மாற்றுவதற்காக இருக்கலாம். அன்று ஏரியில் என்ன நடந்தது என்று போலீஸார் கேட்டபோதும் வாத்து எப்படி எழும்பியது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றெல்லாம் விவரமாகச் சொன்னீர்கள். தம்பி எந்தப் பக்கம் நடந்துபோனான் என்று கேட்டால் மட்டும் பார்க்கவில்லை என்றீர்கள். எனக்கு அது மறக்கவில்லை.

உண்மையாகவே நடக்கிறது என்றால் அடுத்த முறை அவள் வந்தவுடன் வாயைத் திறந்து பாருங்கள். தின்றிருந்தால் பல்லிடுக்கில் இறகு ஒட்டியிருக்கும். அம்மா உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

செவ்வந்தி


மலைத்தோட்டம்
10-12-1967

செவ்வந்திக்கு,

பார்த்தேன். நாக்கில் ஒரே ஒரு பூஞ்சிறகு. ரத்தம் இல்லை. பறவையை எடுத்திருக்கிறாள், தின்னவில்லை. எங்கோ கொடுத்துவிட்டு வருகிறாள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்பு. காட்டுக்கோழி ஓடைக்கு அப்பால் வலப்பக்கம் விழுந்தது. இல்டா பாதி வழியில் திசை தவறினாள். விசில் ஊதினேன். உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். வலக்கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கை காட்டுகிறவரைப் பார்க்கிற பார்வை அது. நான் திரும்புவதற்குள் அவள் எழுந்து, என்னைவிட்டு விலகி, தனக்கு நேர் பின்பக்கம் ஓடிவிட்டாள். என் பின்னால் சாமைக் காடும் புதரும்தான். ஆள் இல்லை. இலைகூட ஆடவில்லை. எதிரே போன நாய், சுற்றிக்கொண்டு என் முதுகுப்பக்கமிருந்து வெறும் வாயோடு, வாலை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

சரிவுக்கு மேலே சடையன் என்ற மலைக்காரர் வீடு இருக்கிறது. அவரைக் கேட்டேன். “நாயி கண்ணுக்கு ஆயிரம் தெரியும்” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

இல்டாவுக்குக் கை காட்டத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் உன் வீட்டு ஆட்கள்தான். என்னைக் கண்காணிக்க யாரை அனுப்பியிருக்கிறாய்? உன் சித்தப்பா மகன் பச்சமுத்துவா? ஒளிந்து பார்க்க என்ன இருக்கிறது? நேராக வரச் சொல். சோறு போடுகிறேன்.

வீரமுத்து


மணலூர்பேட்டை
18-12-1967

நான் யாரையும் அனுப்பவில்லை. பச்சமுத்து கரும்பு வெட்டுக்குப் போயிருக்கிறான்.

ஒன்று கேட்கிறேன். பின்பக்கம் ஓடுவதற்கு முன் இல்டா எந்தப் பக்கமாக உடம்பைத் திருப்பினாள்? அவளுடைய வலப்பக்கமாகவா, இடப்பக்கமாகவா? நன்றாகக் கவனித்து எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

செவ்வந்தி


மலைத்தோட்டம்
31-12-1967

செவ்வந்திக்கு,

ஒருநாள் விட்டு ஒருநாள் காத்திருந்து பார்த்தேன். அவளுடைய வலப்பக்கமாகத்தான் திரும்புகிறாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். நான் கை தூக்கி அனுப்பினால் இடப்பக்கமாகத் திரும்புகிறாள். இது உனக்கு எதற்கு?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இதற்கு முன் நீ எழுதிய எதிலும் இத்தனை அவசரம் இருந்ததில்லை. ‘உடனே எழுதுங்கள்’ என்கிறாய். எதையோ தெரிந்துகொண்டு என்னிடம் மறைக்கிறாய்.

போகட்டும். நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். பொன்னுரங்கம் தோட்டத்தில் பழமும் காணாமல்போகிறது. சாராயம் காய்ச்சுகிறவர்கள் இந்தப் பக்கம் நடமாடுவதாகவும் சொல்கிறார்கள். இனி இல்டாவை அனுப்பிவிட்டு அவளைப் பார்க்கப்போவதில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டு அந்தப் புதரைத்தான் பார்க்கப்போகிறேன். துப்பாக்கியில் தோட்டா போட்டே வைத்திருக்கிறேன். இலை அசைந்தால் சுடுவேன். யாராக இருந்தாலும் காலில் ரவை பட்டால் ஊர் பேர் சொல்லுவான்.

வீரமுத்து


மணலூர்பேட்டை
5-1-1968

தபாலை நம்பாமல் வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். சந்தைநாள்வரை காத்திருக்காமல் மேலே வந்து கொடுக்கும்படி கெஞ்சியிருக்கிறேன்.

அந்தப் புதரைச் சுடாதீர்கள். காரணம் கேட்காதீர்கள். நீங்கள் என் கழுத்தில் கட்டிய தாலியை இன்னும் கழற்றவில்லை. அதன் மேல் ஆணையாகக் கேட்கிறேன். சுடாதீர்கள்.

செவ்வந்தி


மலைத்தோட்டம்
8-1-1968

செவ்வந்திக்கு,

சுடவில்லை. வண்டிக்காரர் மூச்சிரைக்க வந்து உன் கடிதத்தைக் கொடுத்தபோது நான் புதரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

படித்துவிட்டு எழுந்து நின்றேன். இல்டாவை எதிரே உட்காரவைத்தேன். வலக்கையைத் தூக்கினேன். இடப்பக்கமாகத் திரும்பி ஓடினாள். கூப்பிட்டேன். இடக்கையைத் தூக்கினேன். வலப்பக்கமாகத் திரும்பினாள். அவள் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் நம் இடது அவளுக்கு வலது. இவ்வளவுதான் விஷயம். யாரோ இடக்கையைத் தூக்குகிறான். இடக்கையைத் தூக்கிக் காட்டுகிறவன் யார்?

சிறுவயதில் புளியமரத்திலிருந்து விழுந்து வலது தோள் விளங்காமல்போனவன். துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளக்கூட இடக்கையை உபயோகிக்கிறவன். ஏரிக்குப் போனால் கை காட்டுவது எப்போதும் நான் என்பதால் அவன் காட்டி நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாய். கழனியில் தினமும் பார்த்திருக்கிறாய்.

சின்னராசு உயிரோடு இருக்கிறான். இந்த மலையில் இருக்கிறான். என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். அது உனக்குத் தெரியும்.

எப்போதிருந்து தெரியும்? அதைச் சொல். இந்த மாதமா, இல்லை இரண்டு வருஷமாகவா? அக்காவும் தம்பியும் சேர்ந்து பேசிவைத்துக்கொண்டு என்னைக் கொலைகாரனாக்கி ஊரைவிட்டு விரட்டினீர்களா? உன் அம்மாவின் கழனியில் உனக்கும் பங்கு உண்டு என்று நான் அன்று அவனிடம் சொன்னேன். அதற்குத்தான் அவன் கோபித்துக்கொண்டான். அந்தக் கழனிக்காகவா இத்தனையும்? இன்ஸ்பெக்டர் முன்னால் நான் கைகட்டி நின்றேனே, அன்றைக்கு நீ அழுதது நிஜ அழுகையா?

எனக்கு இப்போது எதன்மீதும் நம்பிக்கை இல்லை.

வீரமுத்து


மணலூர்பேட்டை
11-1-1968

உங்கள் கடிதத்திலிருந்துதான் எனக்குத் தெரியும். எந்தப் பக்கமாகத் திரும்பினாள் என்று கேட்டேனே, அன்றைக்கு ஒரு நினைப்பு. வலப்பக்கம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அணைக்கத் தோன்றவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இல்லை என்று ஆகிவிட்டால் அவர் தாங்க மாட்டார்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்கிறேன். உங்கள் கையில் துப்பாக்கி இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் இந்த முறை முடித்துவிடுவீர்களோ என்று பயந்தேன். இதை எழுத என் கை கூசுகிறது. ஆனாலும் பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

இப்போதும் எனக்குப் புரியாதது ஒன்று இருக்கிறது. அவன் ஏன் ஒளிகிறான்? எனக்கு ஏன் எழுதவில்லை? அவனுக்கு நான் ஆயிரம் செய்திருக்கிறேன். உங்களைப் பார்த்து ஒளிகிறான் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் அவனுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியலாம். எனக்குத் தெரியாது.

நீங்கள் குற்றமற்றவர் என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். துப்பாக்கியைப் பொன்னுரங்கம் அவர்களிடம் ஒப்படையுங்கள். ஒப்படைத்ததை அவர் கையெழுத்தில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிறகு இல்டாவை மட்டும் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவுக்குப் போங்கள். அவனைத் தேடாதீர்கள். துரத்தாதீர்கள். அவன் பார்க்கும்படி கையை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

செவ்வந்தி


மலைத்தோட்டம்
22-1-1968

செவ்வந்திக்கு,

பொன்னுரங்கத்தின் சீட்டு இதனுடன் இருக்கிறது. என் சொல் போதாது என்று நீ நினைத்ததை அவரும் புரிந்துகொண்டார். அப்போதே எழுதிக்கொடுத்தார்.

பொங்கல் கழிந்து மறுவாரம் போனேன். கோணிச் சுருளை ஓடைக்கு அப்பால் எறிந்துவிட்டு இல்டாவை அனுப்பினேன். நடுவழியில் விசில் ஊதி உட்காரவைத்தேன். பிறகு அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சாமைக் காட்டைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டேன். போலீஸில் உட்காரவைத்த மாதிரியே. கை மரத்துப்போனது. இல்டா அங்கேயே உட்கார்ந்திருந்தாள், எந்தக் கை எழும் என்று பார்த்துக்கொண்டு.

வெயில் ஏறியபின் வந்தான். தாடி. கையில் கொடுவாள். பின்னால் சடையன். பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

“துப்பாக்கி எங்க?” என்றான்.

கொடுத்துவிட்டேன் என்றேன்.

“என்னத் தேடிக்கினுதான இந்த மலைக்கு வந்த?”

“நீ இங்க இருக்கறதே எனக்குத் தெரியாதுடா.”

“அன்னிக்கு என்னத்தான சுட்ட, மாமா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கழனிப் பேச்சில் கோபித்துக்கொண்டு போனவன் வீட்டுக்குப் போகவில்லை. என்மேல் இருந்த ஆத்திரம் தணிய ஏரிக்கோடியில் கோரைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறான். அவன் போய்விட்டான் என்று நினைத்து நான் தாழப் பறந்த வாத்தைச் சுட்டேன். ரவை அவன் காதோரமாகக் கோரையை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. சண்டை போட்ட கையோடு மாமா கொல்லப் பார்க்கிறான் என்று தண்ணீரில் ஊர்ந்து அக்கரை ஏறி, நடந்தே மலை ஏறிவிட்டான். சடையன் வைத்துக்கொண்டார். கடிதம் போட்டால் நீ என் வீட்டில் இருப்பாய், என் கையில்தான் கிடைக்கும், அம்மாவுக்குப் போட்டாலும் உன் வழியாக என் காதுக்கு வந்துவிடும் என்று எழுதவில்லையாம். இரண்டு வருஷம் கழித்து அதே துப்பாக்கியோடு நான் இங்கே வந்து நின்றதும் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறான். இல்டாவைப் பார்த்ததும் மட்டும் மனசு கேட்கவில்லையாம், கையைத் தூக்கிவிட்டான்.

வாத்தைத்தான் சுட்டேன், நீ கோரைக்குள் இருந்தது தெரியாது என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் தலையை ஆட்டவில்லை. “அக்கா வந்து சொல்லட்டும்” என்றான்.

“ஒங்கக்கா எங்கூட இல்லடா. உன்ன நான் கொன்னுட்டேன்னு சொல்லி அன்னிக்கே தாய்வூட்டுக்குப் போய்ட்டா.”

கொடுவாளைக் கீழே போட்டான். அப்படியே உட்கார்ந்தான்.

“அக்காகூடவா உன்ன நம்பல?” என்றான்.

எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தலையிலிருந்து இறக்கிவிட்டான்.

யோசித்துப் பார், செவ்வந்தி. செய்யாத கொலைக்கு நானும் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறேன் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. நீ என்னை நம்பி என் வீட்டிலேயே இருந்திருந்தால் அவன் கொடுவாளைக் கீழே போட்டிருக்க மாட்டான். நீ நம்பாததால் அவன் நம்பினான். இதற்குச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

சந்தை வண்டியில் அவனைக் கீழே அனுப்புகிறேன்.

வீரமுத்து


மணலூர்பேட்டை
4-2-1968

அன்புள்ள உங்களுக்கு,

தம்பி வந்து சேர்ந்தான். அம்மா அவன் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். காதைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்தோம்.

தெருவில் எல்லாரும் வந்தார்கள். கொளஞ்சியம்மாள் அத்தை, “வீரமுத்து அந்த மாதிரி ஆளு கெடையாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று சொன்னார். இரண்டு வருஷமாக என்னைக் கட்டிப்பிடித்து அழுதவர் அவர். எல்லாருக்கும் அப்பவே தெரிந்திருக்கிறது. நான்தான் அப்படிச் சொல்ல முடியாமல் நின்றேன்.

தம்பி இன்னும் வாசலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. சாப்பிடும்போது கேட்டான், மாமா நிஜமாகவே குறி பார்க்கவில்லையா என்று. நான் அங்கே இல்லை, எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, ‘உன் மாமா வாத்தைத்தான் சுட்டார்’ என்றேன். அதைச் சொல்லும்போதுதான் நான் அதை முதன்முதலாக நம்பினேன். உங்களோடு குடித்தனம் செய்தவள் நான். அன்று மாலை ஈரக் காலோடு வந்து, “சின்னராசு வந்துட்டானா?” என்று நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். கொன்றவன் அப்படிக் கேட்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நடிப்பு என்று தோன்றியது.

வீட்டைத் திறந்து பெருக்கி வைக்கட்டுமா? சங்கராபுரத்துக்கு வந்துவிடுகிறீர்களா?

செவ்வந்தி


மலைத்தோட்டம்
11-2-1968

செவ்வந்திக்கு,

சங்கராபுரத்துக்கு வர இப்போது மனமில்லை. டீக்கடை பெஞ்சில் இனி எல்லாரும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அதை என்னால் பார்க்க முடியாது.

உன்னைப் பற்றியும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உன்மேல் கோபம் குறைந்துவிட்டது. ஆனால் இரண்டு வருஷம் ஒவ்வொருவர் முகத்திலும் நான் அதே சந்தேகத்தைத் தேடிப் பார்த்துப் பழகிவிட்டேன். நேற்று சடையன் மனைவி கூழ் கொண்டுவந்தார். மரவள்ளி வெட்ட நான் கத்தியை எடுத்தபோது அவர் ஓர் அடி விலகினார். அடுப்புப் புகைக்காக விலகினார். அதுவே எனக்கு அன்று முழுக்கப் போதுமானதாக இருந்தது. நீ வந்தால் நான் கத்தி எடுக்கும்போதெல்லாம் உன் முகத்தைத்தான் பார்ப்பேன். உனக்கு அது பொறுக்குமா?

வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இங்கே ஓர் அறையும் ஓர் அடுப்பும் இருக்கின்றன. துப்பாக்கியைப் பொன்னுரங்கமே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீரமுத்து


மணலூர்பேட்டை
17-2-1968

அன்புள்ள உங்களுக்கு,

வருகிற புதன்கிழமை கச்சிராயபாளையம் பஸ்ஸில் வருகிறேன். தம்பி அடிவாரம்வரை கொண்டுவந்து விடுவான். மேலே நடக்கிற வழி எனக்குத் தெரியாது.

என் முகத்தைப் பாருங்கள். கத்தி எடுக்கும்போதும் பாருங்கள், எடுக்காதபோதும் பாருங்கள். எத்தனை வருஷம் பார்க்க வேண்டுமோ பாருங்கள். நான் திருப்பிக்கொள்ள மாட்டேன்.

செவ்வந்தி